முதல் நிமிடத்திலேயே தெரிந்தவர்கள்

2013 டிசம்பர் 10ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் நல்ல மழை. ஐந்து நாள்களுக்கு முன் காலமான நெல்சன் மண்டேலாவுக்கு எஃப்.என்.பி. மைதானத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் வந்திருந்தார்கள். ஒபாமா பேசினார், பான் கி மூன் பேசினார். பிரேசிலின் தில்மா ரூசெஃப், கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோ, இந்தியாவின் பிரணாப் முகர்ஜி, தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் ஜுமா என்று பேச்சாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஒரே ஒரு மனிதர் மட்டும் மாறவில்லை. கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்று, பேச்சு நடக்கும்போதெல்லாம் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். சைகை மொழிபெயர்ப்பாளர்.

அவர் செய்தது தென்னாப்பிரிக்கச் சைகை மொழி இல்லை. வேறு எந்தச் சைகை மொழியும் இல்லை.

உலகம் இதை அடுத்த நாள் செய்தியில்தான் தெரிந்துகொண்டது. காது கேளாதோருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வில்மா நியூஹவுட்-ட்ரூகென், இவருக்குச் சைகை வராது, மேடையிலிருந்து இறக்குங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். அவர் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் காது கேளாத பெண். 1999இல் உறுப்பினரானவர். அதுவும் ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் உறுப்பினர். அப்படியும் யாரும் இறக்கவில்லை. ஏறத்தாழ நாலு மணி நேரக் கூட்டம் அப்படியே முடிந்தது.

இந்த நிகழ்வைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, பெரும்பாலும் வேடிக்கையாக. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகள் அவரை நடித்துக் காட்டின. சைகை மொழிபெயர்ப்பைக் கற்பிக்கிறவர்களும் காது கேளாதோர் உரிமைக்காக வேலை செய்கிறவர்களும் இதை வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது. அந்த மனிதரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தேடினால் கிடைக்கும். ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒரு ஆளின் கோளாறாகச் சுருங்கிவிடும். நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: மொழி தெரிந்த ஒருவரின் கண்ணில்கூடப் படாமல் ஒரு மொழிபெயர்ப்பாளர் எப்படி அந்த மேடை வரை வந்தார்?

கை மட்டும் மொழி ஆகாது

முதலில், காது கேளாதோருக்கு அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது என்பதைப் பார்த்துவிடலாம். சைகை தெரியாதவர்கள் பலர் அதை ஊமை நாடகம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கில ஆசிரியர், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் வேலை பார்த்தவர், அமெரிக்கச் சைகை மொழியைப் பிரித்துப் பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசைவு என்ற சின்னச் சின்னக் கூறுகள் சேர்ந்து உருவாகிறது என்று அதில் காட்டினார். பின்னால் வந்தவர்கள் உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் முகத்தின் வேலையையும் சேர்த்தார்கள். பேச்சு மொழியில் எழுத்தொலிகள் எப்படியோ அப்படித்தான் இவை. எந்தக் கூறு எதோடு சேரும், எதோடு சேராது என்பதற்கும் விதி உண்டு.

அதனால்தான், மைதானத்தில் நின்றவரின் கைகளைத் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி தெரியாத வெளிநாட்டுக் காது கேளாதோராலும் சந்தேகிக்க முடிந்தது. நமக்குத் துளியும் தெரியாத மொழியில் இரண்டு பேர் பேசிக்கொண்டால்கூட அது பேச்சு என்று புரிகிறது. ஒருவர் வாய்க்கு வந்தபடி உளறினால் அதுவும் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். இங்கேயும் அதேதான். நாலைந்து அசைவுகள் திரும்பத் திரும்ப வந்தன. பேச்சாளர் நிறுத்தினாலும் வேகமெடுத்தாலும் கைகளின் போக்கில் மாற்றமில்லை. டெஃப்எஸ்ஏ என்று அழைக்கப்படும் தென்னாப்பிரிக்கக் காது கேளாதோர் கூட்டமைப்பின் இயக்குநர் புரூனோ ட்ரூகென் சொன்னதும் இதுதான்: கை அசைந்தது, பொருள் எதுவும் இல்லை.

அப்புறம் முகம். அந்த மனிதரின் முகம் நாலு மணி நேரமும் கிட்டத்தட்ட அசையவே இல்லை. தமிழில் ‘வருகிறான்’ என்றால் செய்தி, ‘வருகிறானா’ என்றால் கேள்வி. ஒரு ‘ஆ’ சேர்ந்ததும் வாக்கியமே வேறாகிவிடுகிறது. சைகை மொழிகள் பலவற்றில் அந்த ‘ஆ’ புருவத்தில் இருக்கிறது. ‘இல்லை’ என்பது தலையசைப்பில் இருக்கலாம். பெரிது சிறிது என்பது கன்னத்திலும் உதட்டிலும் இருக்கலாம். யார் யாரிடம் சொன்னார் என்பது கண் போகும் திசையில் தெரியும். முகமே இல்லாமல் சைகை செய்வதை, ஏற்ற இறக்கமில்லாமல் பேசுவதோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அந்த ஒப்பீடு போதாது. வினைச்சொற்களின் விகுதியை எல்லாம் வெட்டிவிட்டுப் பேசுவது மாதிரி அது.

கேட்பவர்களின் கண்ணுக்கு

கேட்கும் திறன் உள்ளவர்களுக்கு அதே முகம் எப்படித் தெரிந்தது? கண்ணியமாகத் தெரிந்தது. துக்க நிகழ்ச்சி, உலகத் தலைவர்கள், பக்கத்தில் சலனமில்லாத முகத்தோடு ஒருவர். பொருத்தமாகத்தானே இருக்கிறது?

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 அக்டோபரில் நியூயார்க்கில் எபோலா பற்றி மேயர் செய்தியாளர்களைச் சந்தித்தபோது மேடையில் நின்றவர் காது கேளாத மொழிபெயர்ப்பாளர். கேட்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கலாம்: காது கேளாதவர் எப்படிப் பேச்சை மொழிபெயர்ப்பார்? கேட்கும் திறன் உள்ள சக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சைச் சைகையில் கொடுப்பார். காது கேளாதவர் அதை வாங்கி, பார்வையாளர்களின் தாய்மொழிக்கு உரிய முழு இலக்கணத்தோடும் நெளிவு சுளிவோடும் திருப்பிச் செய்வார். அன்று அவர் செய்த சைகை காது கேளாதோருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. இணையத்தில் கேட்பவர்கள் பேசியதோ வேறு: என்ன இப்படி முகத்தைச் சுளிக்கிறார், கொஞ்சம் அதிகமாக நடிக்கிறாரே!

ஆக, நல்ல மொழிபெயர்ப்பு கேட்பவர்களின் கண்ணுக்கு மிகையாகத் தெரிகிறது, மொழியே இல்லாத ஒன்று கண்ணியமாகத் தெரிகிறது. நம் ரசனை பிழைபட்டது என்பதைவிட மோசமான செய்தி இது. நம் ரசனை தலைகீழாக வேலை செய்கிறது. ஆள் எடுக்கும் மேசையில் கேட்பவர்கள் மட்டும் உட்கார்ந்தால், நல்லவரைத் தவறவிடுவதோடு மோசமானவரைத் தேடிப் பிடிக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

யார் வேலைக்கு வைத்தது

கூட்டத்துக்குப் பின் அரசுத் தரப்பில் பதில் சொன்னவர் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் துறையின் துணை அமைச்சர் ஹென்றியெட்டா போகொபேன்-ஜூலு. தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, காது கேளாதோரிடம் மன்னிப்பும் கேட்டார். ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாக ஆள் வந்தார். அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர்களைத் தேடினால் ஆளைக் காணோம். கொடுத்த கூலி நாளுக்கு 800 ராண்ட் அளவில் இருந்தது, வழக்கமான கூலியோ 1,300 முதல் 1,700 ராண்ட் வரை. இவ்வளவும் அப்போது வெளிவந்தன.

கூலி விஷயத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன். குறைந்த கூலிக்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மடங்கு கொடுத்திருந்தாலும் இதே ஆள் வந்திருக்க முடியும், ஏனென்றால் சரிபார்க்கும் இடத்தில் யாரும் இல்லை. அரசு அலுவலகத்துக்குச் சைகை தெரியாது, ஏற்பாட்டுக் குழுவுக்கும் தெரியாது. இடையில் இருந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததா என்பதற்கு நடந்ததே பதில். அடையாள அட்டை கொடுத்தவர்கள் அவர் கையில் ஆயுதம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், மொழி இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. ஒரு சமையல்காரரை எடுத்தால் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்க்கிறோம். இங்கே ருசி பார்க்கக்கூடிய நாக்கு அந்தச் சங்கிலியில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஆனால் ருசி பார்த்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். என்னை இந்த நிகழ்வில் அதிகம் உறுத்துவது இதுதான். இதே மனிதர் முன்பு கட்சியின் வேறு நிகழ்ச்சிகளில் ஜுமாவின் பேச்சுக்குச் சைகை செய்திருக்கிறார். அதைப் பார்த்த டெஃப்எஸ்ஏ கட்சிக்குப் புகார் அனுப்பியது. இவருக்குத் தகுதி இல்லை, முறையான பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று அதில் யோசனையும் சொல்லியிருந்தது. பதில் வரவில்லை என்று கூட்டமைப்பு பின்னால் சொன்னது.

அந்தக் கடிதம் ஏன் எடுபடவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். புகார் போனது, மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது என்று நம்பிக்கொண்டிருந்த இடத்துக்கு. அவர்கள் தங்கள் கண்ணால் ஒரு மனிதர் கை அசைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். ‘சரியில்லை’ என்ற சொல், அந்தக் கண்கள் பார்த்ததோடு மோத வேண்டியிருந்தது. உரிமைப் பணியில் இருப்பவர்கள் இப்போது செய்யத் தொடங்கியிருக்கும் ஒரு வேலை இங்கே உதவும். காணொளியை எடுத்து, இந்த நொடியில் பேச்சாளர் சொன்னது இது, அதே நொடியில் கைகள் சொன்னது இது என்று இரண்டு பத்தியாக எழுதித் தருவது. மைதானத்து விஷயத்தில் இரண்டாம் பத்தி பக்கம் பக்கமாக வெறுமையாகவே இருந்திருக்கும். வெறும் பத்தியைக் கேட்பவரும் படிக்க முடியும்.

சொல்லப்பட்ட காரணங்கள்

களைப்பு என்று ஒரு காரணம் வந்தது. மொழிபெயர்ப்பாளர்களை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 1976இல் பார்பரா பிராசல் சைகை மொழிபெயர்ப்பாளர்களிடம் நடத்திய ஆய்வில், இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் போனால் பிழைகள் கூடுவது தெரிந்தது. 1998இல் ஜெனீவாவில் பேச்சு மொழிபெயர்ப்பாளர்களிடம் பார்பரா மோசர்-மெர்சரும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தரம் இறங்குவது மொழிபெயர்ப்பவருக்கே தெரிவதில்லை. களைத்தவர் தன்னை நன்றாகச் செய்வதாகவே நினைத்துக்கொள்கிறார். அதனால்தான் இரண்டு பேரை அனுப்புகிறார்கள். ஒருவர் மேடையில் வேலை செய்ய, மற்றவர் உட்கார்ந்து பார்ப்பார். விட்டுப்போன பெயரையோ எண்ணையோ எடுத்துக்கொடுப்பார். ‘ஓய்வில்’ இருப்பவர் உண்மையில் ஓய்வில் இல்லை.

சரி, அப்படியானால் களைப்பு காரணமா? முதல் நிமிடத்திலேயே மொழி இல்லாதபோது களைப்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாலு மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்று திட்டமிட்டதே ஒரு அடையாளம். பயிற்சி பெற்ற எந்த மொழிபெயர்ப்பாளரும் அந்த அழைப்பை வாங்கியதும் முதலில் கேட்கும் கேள்வி ‘கூட யார் வருகிறார்கள்?’ என்பதுதான். அந்தக் கேள்வி வரவில்லை என்றாலே ஏற்பாட்டாளர் சுதாரித்திருக்கலாம். சுதாரிக்க அவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டுமே.

இரண்டாவது காரணம் சுவாரசியமானது. நாட்டில் சைகைக்குப் பல வட்டார வழக்குகள் இருக்கின்றன, ஒரே தரம் என்று எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டது. பாதி உண்மை கலந்த சமாளிப்பு. தென்னாப்பிரிக்காவில் வழக்குகள் பலவாக இருப்பதற்கு நிறவெறி ஆட்சிக்கும் பங்குண்டு. காது கேளாத குழந்தைகளின் பள்ளிகளையும் இனவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரித்து வைத்திருந்தார்கள். வெள்ளையர் பள்ளிகளில் சைகையைத் தடுத்து வாயசைவைப் படிக்கவும் பேசவும் வற்புறுத்தினார்கள், அதுதான் உயர்ந்த கல்வி என்று நினைத்து. கறுப்பர் பள்ளிகளில் சைகைக்கு இடம் கொடுத்தார்கள், மட்டமானது இவர்களுக்குப் போதும் என்ற எண்ணத்தில். விளைவு, இழிவுபடுத்த நினைத்த இடத்தில் மொழி செழித்தது. இப்படிப் பிரிந்து வளர்ந்ததால் ஒரே பொருளுக்குப் பல சைகைகள் உண்டு. ஆனால் டெப்ரா ஏரன்ஸ், பிலமன் அகாச் போன்ற மொழியியலாளர்கள் ஆராய்ந்து, சொல் வேறுபட்டாலும் இலக்கணம் ஒன்றே, இது ஒரே மொழிதான் என்று வாதிட்டிருக்கிறார்கள். சொல் வேறுபாடு என்றால் ஒரு ஊர்க்காரருக்குப் புரிந்து இன்னொரு ஊர்க்காரருக்குப் புரியாமல் போக வேண்டும். மைதானத்தில் செய்தது எந்த ஊர்க்காரருக்கும் புரியவில்லை.

மூன்றாவது, அவருக்கு ஆங்கிலம் சிரமம், தாய்மொழி கோசா என்றார்கள். அப்படியென்றால் ஆங்கிலப் பேச்சுக்கு அவரை நிறுத்தியது ஏன் என்ற கேள்விதான் பாக்கி நிற்கிறது.

கடைசியாக நோய். தனக்கு மனநோய் உண்டு, மேடையில் இல்லாத உருவங்கள் தெரிந்தன என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அதைக் கேட்டதும் உலகம் நிம்மதியாக ஒரு பதிலைப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த செய்திகள் பெரும்பாலும் ஒபாமாவின் பாதுகாப்பைப் பற்றியவை. நாலு மணி நேரம் அஞ்சலியைப் பார்க்க உட்கார்ந்து எதுவும் கிடைக்காமல் எழுந்தவர்கள் அந்தக் கணத்தில் கதையிலிருந்தே காணாமல் போனார்கள். மனநோய் உள்ளவர்களில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இருக்க முடியும். நோய் இல்லாத எத்தனையோ பேருக்குச் சைகை மொழி தெரியாது. இரண்டையும் முடிச்சுப் போட்டதில் இன்னொரு கூட்டத்துக்கும் அவமானம் சேர்ந்ததுதான் மிச்சம்.

புயலும் ஒரு தம்பியும்

இது ஏதோ ஒரு நாட்டின் ஒழுங்கின்மை என்று நினைப்பவர்கள் 2017க்கு வர வேண்டும். அந்தச் செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, மனட்டீ மாவட்ட நிர்வாகம் செய்தியாளர் கூட்டம் நடத்தியது. மொழிபெயர்ப்புக்கு நின்றவர் மாவட்டத்திலேயே வேலை பார்த்த ஒரு கடற்கரை உயிர்காப்பாளர். அவருக்குக் காது கேளாத சகோதரர் இருந்தார், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் சைகை தெரியும். பார்த்தவர்களுக்குக் கிடைத்த சொற்களில் ‘பீட்சா’வும் ‘கரடி’யும் ‘பூத’மும் இருந்தன. எங்கே போக வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பது கிடைக்கவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே ஏமாற்று இல்லை. உதவ வந்த மனிதர், அவசரத்தில் கையில் கிடைத்தவரைப் பிடித்த நிர்வாகம். சட்டமும் இருந்தது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள் ‘தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர்’ யார் என்று சொல்கின்றன: துல்லியமாக, பாரபட்சமில்லாமல், வாங்கவும் கொடுக்கவும் தெரிந்தவர், அந்தத் துறைக்கு வேண்டிய சொற்கள் தெரிந்தவர். வீட்டில் பழகிய சைகையில் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் இருக்கும். கட்டாய வெளியேற்றமும் தங்குமிடமும் அலை ஏற்றமும் இருக்காது. சட்டத்தின் வரையறையைப் படித்துப் பார்த்தவர் அன்று பொறுப்பில் இல்லை, அல்லது படித்தும் பொருத்திப் பார்க்கவில்லை.

மொழிபெயர்ப்பாளரே இல்லாமல் இருந்தால் காது கேளாதவர் எழுத்து வரிகளைத் தேடுவார், யாரிடமாவது கேட்பார். ஒருவர் நிற்கிறார் என்றால் நம்பி உட்கார்ந்துவிடுவார். அஞ்சலியில் அந்த நம்பிக்கை வீணானால் துக்கம். புயலில் வீணானால் உயிர்.

வகுப்பறையில்

சைகை மொழிபெயர்ப்பு தொழிலாக மாறியது அண்மையில்தான். அமெரிக்காவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கான தேசியப் பதிவேடு 1964இல் இண்டியானாவின் மன்சியில் ஒரு ஆசிரியர் கல்லூரியில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. உலக அளவிலான சங்கம் 2003இல் மான்ட்ரியலில். அதற்கு முன் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள், பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள் செய்துகொடுத்தார்கள். அந்தப் பழைய முறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: யாரை அழைப்பது என்று காது கேளாதோரே முடிவு செய்தார்கள். கை சரியில்லாதவரை, ரகசியம் காக்காதவரை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். கல்லூரிப் பயிற்சியும் சான்றிதழும் வந்த பிறகு தேர்ந்தெடுக்கும் வேலை அலுவலகங்களுக்குப் போனது. கூலி, ஒழுங்கு, தேர்வு எல்லாம் வந்தன. காது கேளாதோரின் தலையசைப்புக்கு இருந்த மதிப்பு குறைந்தது. ஜோகன்னஸ்பர்க் மேடையில் பழைய வடிகட்டியும் இல்லை, புதியதும் இல்லை.

பயிற்சி மையங்களில் இந்த நிகழ்வை எடுக்கும்போது ஒரு பாடம் செய்து பார்க்கலாம். மைதானத்துக் காணொளியையும் நியூயார்க் காணொளியையும் ஒலியை அணைத்துவிட்டு, முதல் வாரத்தில் வந்த மாணவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும். யாரை வேலைக்கு எடுப்பீர்கள், ஏன் என்று எழுதச் சொல்ல வேண்டும். தாளை அப்போது திருத்தக் கூடாது. உறையில் போட்டு வைத்து, ஒரு வருடம் கழித்து அதே தாளை அவரவர் கையில் கொடுத்து, காது கேளாத ஆசிரியரின் முன்னிலையில் படிக்கச் சொல்ல வேண்டும். வெட்கம் கொஞ்சம் வரும். வரட்டும். ஆள் எடுக்கும் அதிகாரி இன்னும் அந்த முதல் வாரத்தில்தான் இருக்கிறார் என்பது அவர்களுக்கு அப்போது உறைக்கும்.

‘காது கேளாத ஆசிரியரின் முன்னிலையில்’ என்றது அலங்காரத்துக்கு இல்லை. மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் இடங்களில் பலவற்றில் காது கேளாதவர் மொழி வகுப்புக்கு மட்டும் வருவார். மொழிபெயர்ப்பு வகுப்பையும் இறுதித் தேர்வையும் கேட்பவர் நடத்துவார். அதாவது சொல்லிக் கொடுக்கலாம், தேறினாரா என்று சொல்லக் கூடாது. மைதானத்தில் நடந்ததன் சிறு வடிவம் அந்தக் கால அட்டவணையிலேயே இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 2006இல் ஏற்கப்பட்டது, 9ஆம் பிரிவில் தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிச் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டாத கருத்தரங்கு இல்லை. அதே உடன்படிக்கையின் 4ஆம் பிரிவில், அவர்களைப் பற்றிய முடிவுகளை அவர்களின் அமைப்புகளோடு கலந்தே எடுக்க வேண்டும் என்று ஒரு உட்பிரிவு உண்டு. அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு, ஏனென்றால் அதற்கு நாற்காலி ஒதுக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா 2007லேயே இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டு உறுதி செய்திருந்தது.

இன்னொரு சங்கடமும் வகுப்பில் வரும். சக தொழிலாளியின் தவறை வெளியில் பேசலாமா? மொழிபெயர்ப்பாளர்களின் நெறிமுறைகள் ரகசியம் காக்கவும் சக தொழிலாளியை மதிக்கவும் சொல்கின்றன. மூடிய அறையில் நடந்ததற்கு அது சரி. பொது மேடையில் காது கேளாதவர்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தும் வாய் மூடியிருப்பது மரியாதையில் சேருமா? அன்று தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் நேரலையின்போதே பேசினார்கள். அவர்கள் செய்தது சரி என்பது என் கட்சி.

அதன் பிறகு

2014இல் தென்னாப்பிரிக்காவில் மொழித் தொழிலாளர் மன்றச் சட்டம் வந்தது. மொழிபெயர்ப்பாளர்களைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் அது வழி செய்கிறது. பள்ளிப் பக்கத்தில் போராட்டம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 2009இல் ஒரு காது கேளாத மாணவர், சைகை மொழியைப் பாடமாக எடுத்துப் பள்ளி இறுதித் தேர்வு எழுத முடியவில்லை என்று நீதிமன்றம் போனார். 2015இல் அந்தப் பாடத்திட்டம் வகுப்புகளுக்கு வரத் தொடங்கியது. 2018இல் முதல் தொகுதி மாணவர்கள் சைகை மொழியைத் தாய்மொழிப் பாடமாகக் கொண்டு பள்ளி இறுதித் தேர்வு எழுதினார்கள். மொழியைப் பள்ளியில் படித்த இந்தத் தலைமுறையிலிருந்துதான் தேர்வாளர்களும் ஆசிரியர்களும் காது கேளாத மொழிபெயர்ப்பாளர்களும் வர வேண்டும்.

2023 ஜூலை 19ஆம் தேதி அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றில் அதிபர் கையெழுத்திட்டார். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி அந்த நாட்டின் 12ஆவது ஆட்சி மொழியானது. கையெழுத்திட்டவர் சிரில் ராமபோசா. பத்து வருடத்துக்கு முன் அந்த மழை நாளில் கட்சியின் துணைத் தலைவராக மேடையில் நின்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அவர்தான். அவர் பக்கத்தில் நிற்பவரை இறக்குங்கள் என்றுதான் நியூஹவுட்-ட்ரூகென் அன்று எழுதியிருந்தார்.